கரண்ட் திரும்பி வந்தபோது

கார் ஷெட்டிலோ மொட்டை மாடியிலோ சிறு பட்டறை ஒன்றை அமைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் மரத்தையும் இரும்பையும் அறுத்துக்கொண்டிருப்பவர்கள் கோயம்புத்தூரில் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். எங்களுக்குள் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், “கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாதுங்க” என்று யாராவது சொல்லி அதை முடித்துவைப்பார். யாருக்காவது விரலில் தையல் விழுந்தால், கவனம் இல்லாமல் செய்திருப்பார் என்பார்கள். அடிபடாதவர் கவனமானவர், அடிபட்டவர் கவனமற்றவர் என்று இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால், இயந்திரத்தைப் பற்றியோ அது வைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. இந்தக் கணக்கு எனக்கு நெடுநாளாகவே ஒட்டவில்லை. அது எங்கே தவறுகிறது என்பது, நான் அறிந்தவர்களிலேயே மிகக் கவனமான ஒரு மனிதருடைய ஷெட்டில்தான் எனக்குப் புரிந்தது.

அந்த நண்பர் வங்கியில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருகாணிகளை அளவு வாரியாகக் கண்ணாடி பாட்டில்களில் போட்டு, பாட்டிலின் மேல் அளவை எழுதி ஒட்டிவைத்திருப்பவர். அவருடைய இரும்பறுக்கும் கை கிரைண்டரில், சுற்றும் வீலை மூடும் தடுப்பான கார்டு கழன்று நான் பார்த்ததில்லை. வேட்டியோடு ஷெட்டுக்குள் வரமாட்டார். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் சுவிட்சைத் தொடமாட்டார். டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றைக்கூட அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சுற்றுகிற டிரில் பிட் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுருட்டிவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் மாலை பூந்தொட்டி ஸ்டாண்டுக்காக ஒரு அங்குல ஸ்கொயர் டியூபை வைஸில் கடித்துவைத்து, நான்கு அங்குல கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டி அறுத்துக்கொண்டிருந்தார். பாதி அறுபட்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வீல் மெல்லச் சுற்றி நிற்கும்வரை இயந்திரத்தைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மேசைமேல் கிடத்தினார். கரண்ட் வருகிறபோது வரட்டும் என்று இருவரும் உள்ளே போய்விட்டோம். டீ ஆறுவதற்குள் கூடத்து மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அதே நொடியில் ஷெட்டிலிருந்து கிரைண்டரின் அலறல் கேட்டது.

அந்த வகைக் கிரைண்டரில் பக்கவாட்டில் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். அதை முன்னே தள்ளி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நாமே விடுவிக்கும்வரை அது பூட்டியே இருக்கும். கரண்ட் போனதும் சத்தம் நின்றதே தவிர சுவிட்ச் நிற்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வீல் மேசைத் தகட்டில் உதைத்த வேகத்தில் இயந்திரம் கீழே விழுந்து, பாதி உடைந்த வீலோடு தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. நண்பர் அதன் அருகில் போகவில்லை. திரும்பி வராந்தாவுக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். யாருக்கும் அடிபடவில்லை. “என் கவனக்குறைவு” என்று அவர் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முறையும் சுவிட்சை விடுவிப்பார், சத்தம் அடங்கும், வீல் நிற்கும், பிறகு கீழே வைப்பார். கைக்குப் பழகிய வரிசை அது. அன்று அந்த முதல் படி இல்லாமலே அடுத்த மூன்றும் நடந்துவிட்டன. வேலை முடிந்ததற்கான எல்லா அடையாளங்களும் காதுக்கும் கண்ணுக்கும் கிடைத்துவிட்ட பிறகு, ஏற்கெனவே நின்றுபோன ஒன்றை மறுபடி நிறுத்த வேண்டும் என்று எதுதான் நினைவூட்டும்?

பம்பு செட்டில் இருப்பது

இதை நான் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி, கோவையில் கணபதி என்ற பகுதியின் லேத் பட்டறைகளில் வேலை செய்தே தலை நரைத்தவர், பத்து விரலும் முழுசாக வைத்திருப்பவர். உச்சுக் கொட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

“ஏங் கண்ணு, தோட்டத்துல கரண்ட் போயிட்டு வந்தா கெணத்து மோட்டார் தானா ஓடுமா?”

“ஓடாதுங்க மாமா. போய் ஸ்டார்ட்டரை அமுத்தோணும்.”

“அப்பறம் அந்த மிசினு மட்டும் ஏன் ஓடுச்சு?”

கொங்கு நாட்டில் கிணற்று மோட்டார் பார்க்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு காயிலில் மின்சாரம் பாய்ந்து, அது காந்தமாகி, மோட்டாருக்கான இணைப்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் தன் பிடியை விட்டுவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை அமுக்கும்வரை மோட்டார் அசையாது. நள்ளிரவில் வந்து நள்ளிரவிலேயே போகிற மும்முனை மின்சாரத்தோடு மல்லுக்கட்டும் விவசாயிகள் இந்தக் காப்பு தொல்லையாக இருக்கிறது என்று ‘ஆட்டோ’ ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டி, மோட்டார் தானே ஓடும்படி செய்துகொள்வது வேறு கதை. கிணற்றுக்குள் கிடக்கும் மோட்டார் ஆளில்லாதபோது ஓடினால் தண்ணீர்தான் வரும். மேசைமேல் கிடக்கும் கிரைண்டர் அப்படி ஓடினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். ஆனால் ஆட்டோ மாட்டாத சாதாரண பம்பு செட்டில்கூட இருக்கிற அந்தக் காயில், விரலுக்கு நான்கு அங்குலத்தில் சுற்றுகிற இயந்திரத்தில் இல்லை. இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்சாலையில் உருவானது என்று பெருமை பேசும் ஊர்க்காரர்கள் நாங்கள். மோட்டார் எப்படி ஓடும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஓடக்கூடாத நேரத்தில் அதை ஓடவிடாமல் வைத்திருப்பதும் மோட்டார் வேலையின் ஒரு பாதி என்பதை, அது வீட்டுக்குள் வந்ததும் மறந்துவிட்டோம்.

மாமா சொன்ன இன்னொன்று என்னை அதிகம் உலுக்கியது. “கவனமெல்லாம் கொஞ்ச நேரந்தான் கண்ணு தாங்கும். பட்டறைல எங்க மொதலாளி எங்க கவனத்த நம்பல. பெல்ட்டுக்கு வல அடிச்சு வெச்சாரு.” முதலாளியின் நல்ல மனசு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21ஆம் பிரிவில், இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களை உறுதியான தடுப்புகளால் மூடிவைக்க வேண்டும் என்றும், அந்தப் பாகங்கள் இயங்கிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் தடுப்புகள் தம் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தொழிலாளி எச்சரிக்கையாக இருந்தானா என்று கேட்பதற்கு முன்பே, மூடி இருந்ததா என்று கேட்ட சட்டம் அது. ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவருக்கு உடலோடு ஒட்டிய உடையை ஆலைக்காரர் தர வேண்டும் என்று அடுத்த பிரிவிலேயே இருந்தது. ஆலைக்கு வெளியே வந்த அதே இயந்திரம் நம் வீட்டுப் போர்ட்டிகோவில் லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் ஓடுகிறது. இங்கே முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே, ஆய்வுக்கு வருபவர் யாரும் இல்லை. அந்த மூன்று பேருடைய வேலையையும் ‘கவனம்’ என்ற ஒன்றின் தலையில் கட்டிவிட்டோம்.

உடைந்த துண்டின் வேகம்

நண்பரின் வீல் உடைந்ததைப் பார்த்த பிறகு ஒரு சிறு கணக்குப் போட்டேன். நான்கு அங்குல வீலின் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நிமிடத்துக்கு 11,000 சுற்று என்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வீல் உடைந்தால் துண்டும் அதே வேகத்தில்தான் கிளம்பும். வேலை செய்பவரின் முகம் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், துண்டு அங்கே வந்து சேர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. கண்ணால் கண்ட ஒன்றுக்கு உடல் அசைந்துகொடுக்கவே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். எவ்வளவு கூர்மையான கவனமும் இந்தப் பந்தயத்தில் பத்து மடங்கு பிந்தியே வரும். எனவே வீல் உடைந்த பிறகு நம்மைக் காப்பவை உடைவதற்கு முன்பே அங்கே இருந்தவைதான்: கார்டு, கண்ணாடி, வீல் சுற்றும் தளத்திலிருந்து விலகி நிற்கிற உடம்பு.

கார்டைக் கழற்றுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ‘பார்க்கும்போது மறைக்கிறது’ என்பது முதலாவது, ‘பெரிய வீல் ஏறவில்லை’ என்பது இரண்டாவது. இரண்டாவதுதான் எனக்குக் கிலியூட்டுவது. ஐந்து அங்குல கிரைண்டருக்கும் ஏழு அங்குல கிரைண்டருக்கும் வரும் வீல்களின் நடுத்துளை பெரும்பாலும் ஒரே அளவு, 22.23 மில்லிமீட்டர். ஆகையால் ஏழு அங்குல வீல் சின்ன இயந்திரத்திலும் மாட்டிக்கொள்ளும். தடுப்பது கார்டு ஒன்றுதான். அதைக் கழற்றி மாட்டினால் என்ன ஆகும் என்பது வீலின் மேலேயே அச்சடித்திருக்கிறது: இரண்டு வீல்களும் பொதுவாக நொடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்குச் செய்யப்பட்டவை. ஐந்து அங்குல வீலில் அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் வரும், ஏழு அங்குல வீலில் 8,500 சுற்றோடு முடிந்துவிடும். சின்ன இயந்திரம் 11,000 சுற்றில் ஓடும்போது பெரிய வீலின் விளிம்பு நொடிக்கு 104 மீட்டரைத் தொடுகிறது. வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், அது அனுமதித்த அளவைப்போல ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். மாட்டிய உடனே உடைந்துவிட்டால் யாரும் மாட்டமாட்டார்கள். பல நாள் உடையாமல் ஓடுவதுதான் வினை. ஓடுகிற ஒவ்வொரு நாளும் ‘நான் கவனமாக இருக்கிறேன்’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

வீலின் நடுவில் உள்ள தகர வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருப்பதை நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. துகள்களை ஒட்டிவைத்திருப்பது ரெசின். ஈரம் பட்டுப் பட்டு அது தளர்ந்துபோகும். அதனால் இவ்வகை வீல்களுக்கு, செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு ஆயுள் வைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் மொட்டை மாடிக் கொட்டகையில் கிடக்கும் வீலுக்கு அதற்குக் குறைவாகவே நான் மதிப்பிடுவேன். ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனம் வைக்கிறோமே, அந்த நாளில் தகர வளையத்தையும் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் உறை வெடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதைப் பற்றி எனக்கு நடுநிலை கிடையாது. கட்டிங் வீல் தேய்த்துத் தேய்த்து வழி செய்துகொள்ளும். பல் பிளேடு கடித்துப் பிடுங்கும். கணுவில் ஒரு பல் சிக்கினால், மரத்துக்குப் போக வேண்டிய உதை முழுவதும் இயந்திரத்துக்குத் திரும்பி வரும். அதை வாங்கிக்கொள்ள மரத்தின்மேல் படிந்து நிற்கும் அடித்தட்டு கிரைண்டரில் இல்லை. நம் மணிக்கட்டுகள்தான் இருக்கின்றன. நம் ஊர் ஆசாரிகள் மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டுப் பிளைவுட்டை அறுப்பதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அந்த இயந்திரத்தில் அடித்தட்டு இருக்கிறது, பாதி பிளேடை மூடும் கார்டு இருக்கிறது, அறுக்கும் ஆழத்தை அளந்து பூட்ட முடிகிறது. அதையும் முறையான வழி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கிரைண்டரோடு அதை ஒப்பிடக்கூடாது. அதே கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேசை ரம்பமான டேபிள் சா ஆக்குவது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அறுபட்ட மரம் பின்பக்கத்தில் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் இருக்க, முறையான இயந்திரத்தில் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்கும். வீட்டில் செய்தவற்றில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. இல்லாவிட்டால் பின்பக்கப் பற்கள் மேலெழும்போது மரத்தைத் தூக்கி நம் வயிற்றை நோக்கி எறியும்.

ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர் 1999இல் யோசித்து உருவாக்கிய ‘சாஸ்டாப்’ என்ற டேபிள் சா பிளேடில் லேசான மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டால் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடை ஏறக்குறைய ஐந்து மில்லி நொடியில் நிறுத்திவிடும். நம் சிறு பட்டறைகளில் அந்த விலைக்கு இடமில்லை. ஆனால் அதை உருவாக்கியவர் தொடங்கிய இடம் எனக்குப் பிடித்திருக்கிறது: விரல் ஒருநாள் பிளேடுக்கு வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

பச்சைப் பொத்தான் பலகை

மாமாவின் கேள்விக்குப் பதிலாக நண்பர் ஒரு பலகை செய்யச் சொன்னார். பட்டறை ஒயரிங் தெரிந்த ஒயர்மேன் ஒருவர் வந்து ஷெட்டின் பிளக்குகளுக்கு முன்னால் ஒரு கான்டாக்டரை வைத்து, ஒரு பச்சைப் பொத்தானையும் ஒரு சிவப்புப் பொத்தானையும் இணைத்தார். கிணற்று ஸ்டார்ட்டரில் உள்ள அதே வேலைதான். கரண்ட் போனால் ஷெட்டின் பிளக்குகள் எல்லாம் செத்துவிடும், கரண்ட் திரும்பினாலும் பச்சையை அமுக்கும்வரை உயிர் வராது. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் வைத்தார். உறை கிழிந்த ஒயரை ஈரக்கையால் தொட்டு உடம்பு வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கினால், அது இணைப்பை வெட்டிவிடும். பழைய மெல்லிய ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஒயர்மேன் சொல்லாமல் கொள்ளாமல் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். அதில் மார்பிள் கட்டரை ஓட்டினால் ஒயர் சூடாகும்.

இந்தப் பலகை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கிரைண்டரின் சுவிட்ச் பூட்டியே இருக்கும்போது பச்சையை அமுக்கினால் கிரைண்டர் ஓடத்தான் செய்யும். ஆனால் அப்போது அமுக்குபவர் மேசைக்கு முன்னால் நிற்கிறார், மேசைமேல் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறார். வீட்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருக்கவில்லை. புதிதாக வாங்குபவர்கள் கையை எடுத்தால் தானே நின்றுவிடும் துடுப்புச் சுவிட்ச் உள்ள கிரைண்டரையோ, கரண்ட் திரும்பியதும் தானாக ஓடாத காப்பு உள்ளதையோ கேட்டு வாங்கலாம். விலை கூடத்தான் செய்யும். பேட்டரி இயந்திரங்களில் கரண்ட் போய் வரும் பிரச்சினையே இல்லை. அதற்குப் பதிலாக, பிளக்கைப் பிடுங்காமல் யாரும் வீல் மாற்றக்கூடாது என்பதைக் கற்ற தலைமுறை, பேட்டரியைக் கழற்றாமல் வீல் மாற்றத் தொடங்கியிருக்கிறது.

கவனத்தை நான் தள்ளுபடி செய்யவில்லை. அது நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கிடைக்கிற சரக்கு. மரத்தில் பழைய ஆணி புதைந்திருக்கிறதா, அறுபட்டு விழும் துண்டு எந்தப் பக்கம் சாயும், கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்பவற்றுக்கே அது முழுசாகச் செலவாகிவிடும். கரண்ட் போனபோது சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்பதையும் அதே பையிலிருந்து எடுக்கச் சொன்னால் ஒருநாள் பை காலியாக இருக்கும்.

பலகை முடிந்த பிறகு மாமாவை அழைத்துப்போய்க் காட்டினேன். நண்பர் பெருமையோடு பச்சையை அமுக்கிக் காட்டினார், மெயினை இறக்கி ஏற்றிக் காட்டினார். மாமா எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சிவப்புப் பொத்தான் இருந்த இடத்தைக் கேட்டார். அது சுவரில், கண்ணுக்கு நேரான உயரத்தில், பச்சைக்குப் பக்கத்தில் அழகாக இருந்தது. “ரெண்டு கையும் மிசின்ல இருக்கும்போது இத எதுலீங்க அமுத்துவீங்க?” என்றார். இப்போது அது பெரிய காளான் தலைப் பொத்தானாக, மேசைக் காலுக்கு வெளிப்பக்கத்தில், முழங்காலால் இடிக்கிற உயரத்தில் இருக்கிறது.